ஒன்பது பின், ஐந்து ஒயர்

போகிக்கு முந்தின ஞாயிறு. வில்லிவாக்கம் வீட்டுப் பரணை ஒழிக்கணும், வந்து ஏறு என்று அம்மா கூப்பிட்டிருந்தார். ஈயம் பூசாத ஒரு பித்தளை அண்டாவுக்குள், பாச்சை உருண்டை வாசனையோடு, ஒரு ஜாய்ஸ்டிக் கிடந்தது. அதன் ஒயரை அதன்மேலேயே சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. தொட்டதும் ரப்பர் பேண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெட்டி இல்லை, அடாப்டர் இல்லை, கேசட் ஒன்றுகூட இல்லை.

"அந்த டப்பாவை எப்பவோ பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சு. இது எப்படித் தப்பிச்சுதோ," என்றார் அம்மா. போகிக் குவியலில் சேர்க்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

இதைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் என்ன என்று அப்போது தோன்றியது. அதற்கு மூன்று சனிக்கிழமைகள் போயின.

*

குச்சியே கிடையாது, ஆனாலும் ஜாய்ஸ்டிக். எங்கள் தெருவில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டிக்குப் பெயர் டிவி கேம். விளையாட்டு அடங்கிய அட்டைக்குப் பெயர் கேசட், அதில் நாடாவும் கிடையாது. கேசட்டின் தலையில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அதே மரியோ பத்துப் பெயரில் நிற்பான்.

படம் வராவிட்டால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம். உருவிச் செருகியதுதான் வைத்தியம், ஊதியது சடங்கு. சொல்லப்போனால் எச்சில் ஈரம் அந்தச் செம்புப் பட்டைகளுக்குக் கெடுதல். அது தெரிந்திருந்தாலும் ஊதியிருப்போம்.

*

இந்த டிவி கேமுக்கு மூலம், ஜப்பானில் நிண்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று கடைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம். நமக்கு வந்தவை அதன் நகல்கள். அசலில் இரண்டு பிடிகளும் பெட்டியோடு நிரந்தரமாக ஒயரால் கட்டப்பட்டவை. பிடி போனால் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டாவது பிடியில் ஸ்டார்ட், செலக்ட் கிடையாது. பதிலுக்கு ஒரு சின்ன மைக் வைத்திருந்தார்கள். நகல் எடுத்தவர்கள் மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கழற்றி மாட்டும்படி ஒன்பது பின் பிளக் வைத்தார்கள். திருடியவன் அசலைவிட ஒரு படி நன்றாகச் செய்த இடம் இது. பழைய பேப்பர்காரரிடம் பெட்டி போன பிறகும் இந்தப் பிடி தனியாகத் தப்பிப் பிழைத்ததற்கு அந்தத் திருட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இடது கட்டை விரலுக்கான அந்தச் சிலுவைப் பொத்தான் குன்பெய் யோகோயின் கைவேலை. 1982-இல் கையடக்க 'டாங்கி காங்' விளையாட்டுக்காகச் செய்தது. நாற்பது வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

*

பிளக்கைப் பற்றி.

எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் அதற்குப் பெயர் டிபி-9. புத்தகப்படி பார்த்தால் டிஇ-9: இரண்டாவது எழுத்து கூட்டின் அளவைக் குறிக்கும், பி என்பது 25 பின் உள்ள பெரிய கூடு. டிஇ-9 என்று கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். டிபி-9 என்றே கேட்க வேண்டும்.

ஒரே கூட்டில் ஊர்ப்பட்ட வம்சங்கள். அட்டாரி ஜாய்ஸ்டிக்கும் இதே பிளக்தான். அதில் 1 முதல் 4 வரை நான்கு திசைகள், 6 சுடுவதற்கு. சேகா மெகா டிரைவும் இதே பிளக்தான். அதில் 5-ஆம் பின்னில் மின்சாரம். என் பிடியில் 6-ஆம் பின்னில் மின்சாரம். ஒன்றை மற்றொன்றில் அழகாகச் செருகலாம். செருக முடிகிறது என்பதற்காகச் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய குற்றம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், சிபியுவின் முதுகில் ஒன்பது ஊசி நீட்டிக்கொண்டிருந்த துளையைப் பார்த்ததும் மறுநாளே பையில் ஜாய்ஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு போனேன். கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. சார் பின்னால் வந்து நின்றதுதான் நடந்தது. அது சீரியல் போர்ட். ப்ளஸ் பன்னிரண்டு, மைனஸ் பன்னிரண்டு வோல்ட் எல்லாம் ஓடக்கூடிய இடம். ஐந்து வோல்ட் பிடியைக் கொண்டுபோய் அதன் வாயில் கொடுத்திருக்கிறேன். சீரியல் போர்ட்டுக்கு எர்த் 5-ஆம் பின், இந்தப் பிடிக்கு 8-ஆம் பின். இரண்டின் எர்த்தும் சேராததால் பிடி பிழைத்தது என்பது என் இன்றைய கணிப்பு. அன்றைக்கு வாங்கிய திட்டுக்கு இந்தக் கணிப்பு உதவியிருக்காது.

*

பின்பக்கம் ஐந்து திருகாணி. திறந்தேன். அசல் பிடியில் பதினாறு கால் ஐசி ஒன்று கண்ணுக்குத் தெரிய உட்கார்ந்திருக்கும். இதில் ஐசிக்குப் பதில் ஒரு கறுப்புப் பொட்டு. சில்லை நேரடியாகப் பலகையில் ஒட்டி, மேலே எபாக்சிச் சொட்டு விட்டிருக்கிறார்கள். பிரிக்கவும் முடியாது, பெயர் படிக்கவும் முடியாது. கால்குலேட்டர், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, பொம்மைக் கடிகாரம் எல்லாவற்றின் நெற்றியிலும் இதே பொட்டு உண்டு.

உள்ளே பொத்தான்கள் எட்டு. (டர்போ இரண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவை ஏ, பி இரண்டையும் தாமாகவே படபடவென்று அடிக்கும் எடுபிடிகள்.) வெளியே போகிற ஒயர் ஐந்துதான். அதிலும் இரண்டு மின்சாரத்துக்கு. மீதி மூன்று ஒயரில் எட்டுப் பேர் எப்படிப் பேசுகிறார்கள்?

வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரிதான். அசலில் இருந்த 4021 என்ற ஐசி செய்த வேலையை இந்தப் பொட்டும் செய்கிறது. லாட்ச் என்ற ஒயரில் ஒரு துடிப்பு வந்தால், அந்தக் கணத்தில் யார் அழுந்தியிருக்கிறார்கள், யார் இல்லை என்று அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கிளாக் ஒயரில் தட்டத் தட்ட ஒவ்வொருவராக டேட்டா ஒயரில் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வரிசை மாறாது. ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது.

ஒரே ஒரு கோணல். இந்த வகுப்பில் வராதவன்தான் "உள்ளேன் ஐயா" என்பான், வந்தவன் வாயை மூடிக்கொள்வான். பொத்தானை அழுத்தினால் மின்னழுத்தம் பூஜ்யம், விட்டால் ஐந்து வோல்ட்.

லாட்ச் துடிப்பு 12 மைக்ரோ நொடி. எட்டுப் பேரும் சொல்லி முடிக்க மொத்தமாகவே 100 மைக்ரோ நொடிச் சொச்சம். ஒரு திரைக்காட்சிக்கு ஒரு தடவை இந்தப் பதிவு: ஜப்பான், அமெரிக்க டிவிகளில் நொடிக்கு 60, நம்மூர் பால் (PAL) முறையில் 50. பின்னால் வந்த சூப்பர் நிண்டெண்டோவுக்கு இதே ஐந்து ஒயர்தான். எட்டுக்குப் பதில் பதினாறு பெயர் கூப்பிட வேண்டும், அவ்வளவே.

பிடிக்கு யார் கேட்கிறார்கள் என்பது பற்றிக் கவலையே இல்லை. முறையாக லாட்ச் கொடுத்து, முறையாகத் தட்டினால் யாருக்கும் பதில் சொல்லும். இப்போது செருகும்போதே நீ யார், உன் கம்பெனி எது என்று கேட்கிற சாதனங்களோடு பழகிப்போன எனக்கு இந்த வெள்ளந்தித்தனம் பிடித்திருக்கிறது.

*

முதல் சனிக்கிழமை. ரிச்சி தெரு. (ஞாயிறு போனால் ஷட்டர்தான் பார்க்கலாம்.) கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோவில் இறங்கி நடை. சட்டைப்பையில் சீட்டு: டிபி-9 ஒன்று, யூஎஸ்பி பேசும் போர்டு ஒன்று, ரிப்பன் ஒயர் ஒரு மீட்டர், ஸ்லீவ், ஈயம்.

"டிபி-நைன் ஒண்ணு குடுங்க."

"மேலா ஃபீமேலா சார்?"

பிடியின் பிளக்கில் ஓட்டைகள். அப்படியானால் எனக்கு வேண்டியது ஊசி உள்ளது. "மேல்."

"சால்டர் டைப்பா, பிசிபி டைப்பா?"

"சால்டர்."

"கவர் வேணுமா?"

கவர் இல்லாமல் பத்து ரூபாய், கவரோடு இருபத்தைந்து. திருகோடு சேர்த்துக் கொடுத்தார். இந்த நாலு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னதில் எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. அதனால்தான் அடுத்த கடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அங்கே இருந்தவர் வயதானவர். எல்லாரும் பாய் என்றார்கள், நானும். பையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் காட்டினேன். வாங்கி, சிலுவைப் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் இருக்கு, முந்நூறு ரூபா. சொருகுனா வேலை செய்யும்."

"இதுலயே விளையாடணும் பாய்."

"அப்ப சரி," என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் இப்படி வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவராகவே, "முன்னாடி பிரிண்டர் போர்ட்டுல மாட்டுவாங்க தம்பி. நாலஞ்சு டயோடு வச்சு," என்றார்.

அது உண்மைதான். 25 பின் பிரிண்டர் போர்ட்டில் மின்சாரத்துக்கென்று தனிக் கால் கிடையாது. டேட்டா கால்கள் சிலவற்றிலிருந்து டயோடு வழியாகத் துளித்துளியாகத் திரட்டிப் பிடிக்கு ஊட்டுவார்கள். ஒருவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாலு வீட்டில் குடம் வைக்கிற கதை. லினக்ஸில் இதற்கென்றே 'கேம்கான்' என்று ஒரு டிரைவர் இருந்தது. பிரிண்டர் போர்ட் உள்ள கம்ப்யூட்டர் இப்போது என்னிடம் இல்லை. பாயிடமும் இல்லை.

சவுண்டு கார்டின் பின்னால் இருந்த 15 பின் கேம் போர்ட் நினைவுக்கு வருகிறவர்களுக்கு: அது இதற்கு ஆகாது. அது 1981-இல் ஐபிஎம் தொடங்கிவைத்த ஏற்பாடு. குச்சி சாய்கிற அளவை ஒரு கெப்பாசிட்டர் நிறைகிற நேரத்தை வைத்து அளக்கும். இந்தப் பிடியின் பாஷை அதற்குப் புரியாது.

*

போர்டு. முதலில் கையில் கொடுத்தது அர்டுயினோ ஊனோ. வேண்டாம் என்றேன். ஊனோவில் இருக்கிற முதன்மைச் சில்லுக்கு நேரடியாக யூஎஸ்பி பேசத் தெரியாது, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளனை வைத்துத்தான் பேசும். எனக்கு வேண்டியது ஏடிமெகா 32யு4 சில்லு உள்ள ப்ரோ மைக்ரோ. அது "நான் ஒரு ஜாய்ஸ்டிக்" என்று கம்ப்யூட்டரிடம் தானே சொல்லிக்கொள்ளும், கம்ப்யூட்டரும் நம்பிவிடும். கட்டை விரல் அகலம்தான். மீரான் சாகிப் தெருவில் மூன்றாவது கடையில் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை எனக்கே: இந்தப் போர்டு 5 வோல்ட்டில் ஒன்று, 3.3 வோல்ட்டில் ஒன்று, இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு 16 மெகாஹெர்ட்ஸ், மற்றதற்கு 8. புரோகிராம் ஏற்றும்போது மாற்றிச் சொன்னால் யூஎஸ்பியில் ஆளே காணாமல் போய்விடும். இன்னொன்று, இதன் மைக்ரோ யூஎஸ்பி வாய் பலகையிலிருந்து பிய்ந்து வருவதற்குப் பேர் போனது. வாங்கின அன்றே சுற்றிலும் பசை வைத்தேன்.

*

மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து ஒயர் ஒயராகத் தேடினேன். நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு என்றால் ப்ளஸ், கறுப்பு என்றால் மைனஸ் என்பது நமக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுக்கம், அந்தத் தொழிற்சாலையில் அன்றைக்கு எந்த நிற ஒயர் மீந்ததோ அதுதான் சட்டம். என் பிடியில் எர்த் மஞ்சள்.

எர்த்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாப் பொத்தானுக்கும் அடியில் ஓடுகிற பொதுத் தடம் அதுதான். அதை ஒரு முனையில் வைத்து, பிளக்கின் ஓட்டைகளில் குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். 8-இல் பீப் அடித்தது. மற்றவை: 2 டேட்டா, 3 லாட்ச், 4 கிளாக், 6 ஐந்து வோல்ட். 1, 5, 7, 9 வெறும் ஓட்டை.

இந்தப் பட்டியலைச் சுவர்க் காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி மேசைமேல் ஒட்டினேன். இவ்வளவு ஒழுங்காகச் செய்தவன் அடுத்து என்ன செய்தான் என்று பாருங்கள்.

*

இரண்டாவது சனிக்கிழமை. சால்டர் செய்தாயிற்று, மாட்டியாயிற்று. ஒன்றும் இல்லை.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன், சந்தேகம் சரிதான்: போனுக்கு சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள், உள்ளே டேட்டா ஒயரே கிடையாது. வேறு கேபிள் போட்டதும் போர்டு உயிர் பெற்றது. பிடி பெறவில்லை.

மல்டிமீட்டரால் பிடியின் உள்ளே 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தேன். பூஜ்யம். ஒரு மணி நேரம் புரோகிராமைத் திட்டினேன். காபி குடித்தேன். மறுபடி வந்து, பூதக்கண்ணாடி வைத்து டிபி-9-ஐப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில், பிளாஸ்டிக்கிலேயே, எறும்பு எழுதின மாதிரி எண் போட்டிருக்கிறார்கள். நான் முன்பக்கப் படத்தைப் பார்த்துப் பின்பக்கத்தில் சால்டர் செய்திருக்கிறேன். கண்ணாடியில் தெரிகிற முகம். 1 போய் 5 ஆகிவிட்டது, 2 போய் 4, 6 போய் 9, 8 போய் 7.

ஆனால் பாருங்கள்: மின்சாரம் போன 9-உம், எர்த் போன 7-உம் என் பிடியில் வெறும் ஓட்டைகள். அதனால்தான் எதுவும் புகையவில்லை. இரண்டாவது தடவையாக இந்த ஜாய்ஸ்டிக் என் கையிலிருந்து தப்பிக்கிறது, இரண்டு தடவையும் எர்த் சேராததால்.

ஈயத்தை உருக்கி எடுத்து, மறுபடி. ஸ்லீவைப் போட மறந்து, மறுபடி.

*

பேசியது. ஆனால் உளறியது.

பி-யை அழுத்தினால் ஏ என்றது. மேல் அழுத்தினால் ஸ்டார்ட். வலது அழுத்தினால் மரியோ இடப்பக்கம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். ஏ-யை அழுத்தினால் பதிலே இல்லை.

சால்டரிங் தப்பாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக உளறாது. எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். வருகைப்பதிவுக்கு வந்தால் விஷயம் புரியும். முதல் பையன் ஏ முந்திரிக்கொட்டை. லாட்ச் முடிந்ததுமே, யாரும் கூப்பிடுமுன், டேட்டா ஒயரில் வந்து நிற்கிறான். நான் முதலில் கிளாக்கைத் தட்டிவிட்டுப் பிறகு காது கொடுத்தால் அவன் சொல்லிவிட்டுப் போயிருப்பான், இரண்டாமவன் பி-யை ஏ என்று பதிவு செய்துகொள்வேன். எட்டுப் பேரை விசாரிக்க ஏழு தட்டுப் போதும். புரோகிராமில் இரண்டு வரியை மேலும் கீழுமாக இடம் மாற்றினேன். சரியாயிற்று.

*

இனி ரப்பர். பொத்தானுக்கு அடியில் கரி பூசிய ரப்பர் மொட்டுகள், டிவி ரிமோட்டில் இருப்பது போலவே. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். எட்டில் ஏழு கறுப்பாக இருந்தன, வலதுக்கான மொட்டு மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மரியோவும் சரி, கான்ட்ராவும் சரி, வலப்பக்கமே ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுகள். எத்தனை மே மாதங்கள் அதில் தேய்ந்தன.

தேய்ந்த மொட்டுக்கு அக்காலத்து மருந்து சிகரெட் அட்டையின் வெள்ளித் தாள். வட்டமாக வெட்டி ஃபெவிக்விக்கால் ஒட்டுவது. ரேடியோ மெக்கானிக்குகள் ரிமோட்டுக்குச் செய்ததை நாங்கள் பார்த்துக் கற்றது. இந்த முறை அதற்குப் போகவில்லை. ரிச்சி தெருவில் செத்த ரிமோட் ஒன்றை இருபது ரூபாய்க்கு வாங்கி, அதன் ஒரு மொட்டை அறுத்து வைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை அதற்கே போயிற்று.

*

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். கான்ட்ராவில் இதை அடித்தால் முப்பது உயிர். இன்டர்நெட் இல்லாத நாளில், எங்கள் தெருவுக்கு இது எப்படி வந்து சேர்ந்தது என்பது ஆச்சரியம்தான். யாரோ ஒருவனின் அத்தை பையன் சொன்னதாகத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

இதை உண்டாக்கியவர் கோனாமியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் 'கிராடியஸ்' விளையாட்டை ஃபேமிகாமுக்குக் கொண்டுவரும்போது, அவராலேயே அதைக் கடக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்க வசதியாகத் தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி இது. எடுக்க மறந்து கடைக்குப் போய்விட்டது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது உலகம் முழுக்க ஆட்கள் இந்த வரிசையைத்தான் எழுதி அஞ்சலி செய்தார்கள்.

சோதனைக்கென்று பிறந்ததைச் சோதனைக்கே பயன்படுத்தினேன். விரல்களுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது, நான் யோசிக்கும்போது மட்டும் தப்பியது. முதல் தடவையிலேயே முப்பது உயிர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "டிவி சத்தத்தைக் கம்மி பண்ணு," என்றார், முப்பது வருடத்துக்கு முன் சொன்ன அதே சுருதியில்.

*

தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறானாம். "ரெண்டு பேரும் ஆடலாம்ணா. உனக்கு கீபோர்டு, எனக்கு ஜாய்ஸ்டிக்."

கீபோர்டு அவனுக்கு என்று பதில் போட்டுவிட்டு, இரண்டு பேர் ஆட்டத்தை எடுக்கப் போனேன். எங்கள் வழக்கப்படி ஏ-க்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவில் செலக்ட் அடிக்க வேண்டும்.

செலக்ட் வேலை செய்யவில்லை. அந்த வரிசையில் ஏழு பொத்தான்கள் வருகின்றன. வராத எட்டாவது இதுதான்.

மொட்டு நன்றாக இருக்கிறது, பலகையின் கரித்தடத்தில்தான் மயிரிழை விரிசல். வாங்க வேண்டியவை: இனாமல் ஒயர் கொஞ்சம், மெல்லிய முனை சால்டரிங் பிட் ஒன்று. இன்று செவ்வாய்.